தெரியலை என்று சொல்லும் கைப்பிடி

காலையில் எழுந்ததும் "எழுந்துட்டேன்" என்று சொல்கிறேன். பிறகு "பாத்ரூம் போறேன்". வெளியே வந்து கதவை முழுதாகச் சாத்துகிறேன். எங்கள் வீட்டில் கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுதாக மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றியில்தான் அடிக்கும். சமையலறையில் "அடுப்பு பத்த வைக்கிறேன், இடது அடுப்பு" என்கிறேன். மேல் அலமாரியைத் திறந்தால் "திறந்திருக்கு", மூடினால் "மூடியாச்சு". காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி எடுத்த இடத்திலேயே வைக்கிறேன். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளுகிறேன். ஷூ போட்டுக்கொண்டு "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பூட்டுகிறேன்.

கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. என் மனைவி போன மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். வாய் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும். சத்தமில்லாமல் நடமாடுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னாள்: "திருடன் மாதிரி நடக்காதே, எஞ்சினியர். எங்கே நிக்கிறே, என்ன பண்றே, வாயைத் திறந்து சொல்லு." என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் "எஞ்சினியர் ஐயா".

நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. படியேறும்போதே ரப்பர் வாடை வரும். வெள்ளைக் கோலில் மாட்டிக்கொள்ளும் ஒரு கைப்பிடியை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். முன்னால் இருப்பதை அது கண்டுபிடித்துக் குரலில் சொல்லும். "படி, கீழே." "சைக்கிள், இடது பக்கம்." கைப்பிடியின் உடம்பு என் வேலை. எடை, பிடி, பொத்தான் எங்கே இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் எங்கே புகும். அது பேசும் பகுதியை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள்.

தொடங்கும்போதே எங்கள் மேனேஜர் மேடையில் ஒரு வாக்குக் கொடுத்தார். பார்வையற்றோர் சங்கத்தோடு சேர்ந்துதான் இதைச் செய்வோம், அவர்கள் சரி என்று சொல்லாமல் ஒரு கைப்பிடிகூடக் கடைக்குப் போகாது. பலமாகக் கை தட்டினார்கள். அவரே எதிர்பார்க்காத அளவு தட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த வாக்கை அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சங்கத்திலிருந்து சோதித்துப் பார்க்க வந்தவர்களில் அவளும் ஒருத்தி. அங்கேதான் எனக்குப் பழக்கம். பழக்கம் என்றால் சண்டை. நான் செய்த முதல் பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்சவருக்குக் கை இருக்கா?" என்று கேட்டாள்.

முதல் மாதிரியை எடுத்துக்கொண்டு அவள் ரோட்டைக் கடந்தபோது நான் பின்னால் போனேன். நடு ரோட்டில் கைப்பிடி "நில்" என்றது. நின்றாள். பக்கத்தில் போன சைக்கிளில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. அது என்னவென்று கருவிக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் "நில்" என்று சொல்லும்படி அமைத்திருந்தார்கள். பஸ் ஒன்று ஹாரனை அமுக்கியபடி அவளுக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் என்னவெல்லாமோ சொன்னான். அவள் நடந்து வந்து, மாடியேறி, கைப்பிடியைக் கழற்றி மேனேஜர் மேசைமேல் வைத்தாள்.

"நடு ரோட்டுல நில்லுன்னு சொல்ற மகராசன் வந்து பஸ்ஸையும் நிறுத்துவானா சார்? என்ன இருக்குன்னு சொல்லச் சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும். நிக்கிறதா, நடக்கிறதா, ஓடுறதாங்கிறது என் பாடு."

தெரியலை என்று சொல்கிற சாமானை யார் வாங்குவார்கள் என்று மேனேஜர் சிரித்தார்.

"தெரியலைன்னு சொல்ற மனுஷனையே நான் இதுவரைக்கும் கண்டதில்ல சார். வழி கேட்டா கையைக் காட்டி 'இப்படியே போங்க'ங்கிறான். எனக்குக் காட்டுறான் கையை. ஒரு சாமானாவது உண்மை பேசட்டுமே."

அவள் விடவில்லை. கடைசியில் கைப்பிடி "தெரியலை" என்று சொல்லக் கற்றுக்கொண்டது. அந்த வார்த்தையைக் கேட்டதும் சங்கத்து ஆட்கள் கோலை முன்னால் நீட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்கள். மாதக்கணக்கில் சந்தை, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் என்று சுற்றினார்கள். யாரும் விழவில்லை. சங்கம் "இது சரி" என்று சொல்லத் தயாராக இருந்த நேரத்தில் அவள் இறந்துபோனாள். தலையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. அதற்கும் கைப்பிடிக்கும் சம்பந்தமில்லை.

அவளுடைய கடைசி வாரத்தில்தான் கம்பெனி வக்கீல் ஒரு யோசனை சொன்னார். "தெரியலை" என்று சொல்லி ஒருவர் அடிபட்டால் பழி நம்மேல் வரும். "நில்" என்று சொல்லி, அவர் நிற்காமல் அடிபட்டால் பழி அவர்மேல். ஆகவே மறுபடியும் "நில்". அவள் போன பிறகு கைப்பிடிக்குள் அந்த வார்த்தையை மாற்றிவிட்டார்கள். சங்கம் சரி என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதற்காக ஒரு நாள் காலையில் கம்பெனியில் கூட்டம் வைத்தார்கள்.

நான் உள்ளே போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டினார். கடைக்குப் போகப்போகிற பெட்டி. அதில் அவளுடைய படம். கையில் கோலோடு சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரிப்பதில்லை. எப்போதோ போட்டோ எடுத்தவன் சிரிக்கச் சொன்னதற்காகச் சிரித்தது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், "இது எல்லார் கைக்கும் போய்ச் சேரணும்." அதற்கும் கீழே சின்ன எழுத்தில், அவர் இறுதியாகச் சொன்ன வார்த்தைகள்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன்.

என் மச்சான் சொன்னாராம். என் மனைவியின் அண்ணன். கேட்டதும் மேனேஜருக்கே கண் கலங்கிவிட்டதாம். கடைசி வாரத்தில் "நில்" என்பதற்கும் அவள் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று மேனேஜர் சங்கத்திடம் சொல்லப்போகிறார். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கணவன் சொன்னால் நம்புவார்கள்.

"அவங்க என்னை நம்பினதே இல்ல சார்" என்றேன்.

அது உண்மை. எங்கள் கல்யாணம் சங்கத்துக்குப் பிடிக்கவில்லை. சங்கத் தலைவர் ஒரு பேங்கில் டெலிபோன் போர்டில் பல வருஷம் வேலை பார்த்தவர். எல்லாரும் அவரை டெலிபோன் அண்ணன் என்பார்கள். என்னைக் "கம்பெனிக்காரரே" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்தன்று என் கையைப் பிடித்து, "சங்கத்துல சத்தம் போடுறது இவ ஒருத்திதான். அவளையும் வீட்டுக்குக் கொண்டு போறீங்க. நல்ல கம்பெனி" என்றார். அவளைப் பார்த்து "வாங்க, கம்பெனி மேடம்" என்பார். அவளும் விட்டுவைக்க மாட்டாள். "வந்துட்டேன் அண்ணே, ராங் நம்பர் இல்ல" என்பாள்.

நீள அறையில் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் புதிய கைப்பிடிகள். மேனேஜர் பக்கத்தில் மச்சான், இஸ்திரி போட்ட சட்டையில். இறுதிச் சடங்குக்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நான் அழவில்லை என்பது அவருக்கு மறக்கவே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. வராததற்குக் காரணம் யோசித்ததில்லை.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. தொடங்கும் முன் அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் யார், எங்கே இருக்கிறேன் என்று குரல் கொடுக்க வேண்டும். சத்தம் காட்டாமல் ஒருவரும் இருக்கக் கூடாது. நடுவில் எழுந்து போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதை எழுதி வைக்கவில்லை. ஆனால் இதை மீறியவரை அவர்கள் மறுபடி உள்ளே விட்டதில்லை.

டெலிபோன் அண்ணன் கதவுப் பக்கம் என்றார். அடுத்தது பிசியோ அக்கா. ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுப்பவர். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம் பார்வை உண்டு. அவரும் சொன்னார். மற்றவர்கள் சொன்னார்கள். மேனேஜர், மச்சான், நான்.

"அவ்வளவுதானா?" என்று டெலிபோன் அண்ணன் கேட்டார்.

ஜன்னல் ஓரம் திரைச்சீலையை ஒட்டி ஒரு போட்டோக்காரர் கேமராவோடு நின்றிருந்தார். மேனேஜர் அவரைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். "அவ்வளவுதான்" என்றார்.

"ஜன்னல் பக்கம் ஒருத்தர் கேமராவோட நிக்கிறார்" என்றேன்.

யாரையும் காட்டிக்கொடுக்க நினைத்துச் சொல்லவில்லை. அடுப்பு பற்ற வைக்கிறேன் என்று சொல்வது மாதிரிதான் வந்தது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"மேனேஜர் என்னை முறைக்கிறார்" என்றேன்.

பிசியோ அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மேனேஜருக்குக் கருணை எதுவும் இல்லை. போட்டோக்காரரை வெளியே அனுப்பச் சொன்னார் டெலிபோன் அண்ணன். போட்டோக்காரர் போகும்போது பையைக் கதவில் இடித்துக்கொண்டு போனார். "பாத்துப் போங்க தம்பி" என்று யாரோ சொல்ல, இன்னொரு முறை சிரித்தார்கள். தங்களிடம் தினமும் ஊரே சொல்வதை ஒரு முறை திருப்பிக் கொடுத்த திருப்தி.

மேனேஜர் பேசத் தொடங்கினார். நன்றாகப் பேசுவார். பாதுகாப்பு, பொறுப்பு, குடும்பங்களின் கவலை. கடைசி வாரத்தில் அவள் தன்னிடம் ஒத்துக்கொண்டாள் என்றார். பெட்டியில் இருந்ததைப் படித்துக் காட்டினார். இறந்தவளின் ஆசைக்குக் குறுக்கே நிற்க இந்த அறையில் யாருக்கு மனசு வரும் என்று முடித்தார். மச்சான் தலையை ஆட்டினார்.

"மச்சான் தலையாட்டுறார்" என்றேன்.

"மாப்ளே, வாயை மூடுறீங்களா?" என்றார் மச்சான்.

டெலிபோன் அண்ணன் கைப்பிடி ஒன்றை எடுத்து மேசைமேல் உருட்டினார். ஒத்துக்கொண்டாள் என்பது பொய் என்றார். அந்த வாரம் அவள் தனக்குப் போன் செய்ததாகச் சொன்னார். "நில்" என்று சொல்கிற கைப்பிடியைத் தூக்கித் தெருவில் போட்டு உடையுங்கள் அண்ணே, அதுதான் என் கடைசி முடிவு என்று சொன்னாளாம். அவளுடைய கடைசி வார்த்தை அதுதான், அதைப் பெட்டியில் போடத் தைரியம் இருக்கிறதா என்று கேட்டார். அவர் பக்கத்து ஆட்கள் மேசையைத் தட்டினார்கள்.

அதுவும் கடைசி இல்லை. அந்தப் போன் நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். உடைக்கச் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு அவள் நாள் கணக்கில் பேசினாள். துணி காயவில்லை என்றாள். தலைவலி என்றாள்.

இரண்டு பக்கமும் அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் எழுந்து நின்றார். தங்கையைச் சின்ன வயதில் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போனது தான்தான் என்றார். அவள் மனசு தனக்குத் தெரியாதா என்றார். பிறகு என் பக்கம் விரலை நீட்டினார்.

"இவரு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. செத்தது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நின்னாரு. இவருகிட்ட என்ன கேக்கப் போறீங்க?"

"அழுகுறதை யாரு பார்த்தா?" என்றார் பிசியோ அக்கா. "எங்க யாருக்கும் அது தேவைப்படல. ஆஸ்பத்திரியில கூட இருந்தது யாரு? நீங்களா?"

மச்சான் அப்போது வெளியூரில் இருந்தார். அடுத்த நாள்தான் வந்தார். அவர் உட்கார்ந்தார்.

"கம்பெனிக்காரரே" என்றார் டெலிபோன் அண்ணன். அவர் குரலில் அன்பு எதுவும் இல்லை. "நீங்க கூட இருந்தீங்க. உங்க சம்பளம் அங்கேர்ந்து வருது, அது எங்களுக்குத் தெரியும். நீங்க என்ன சொல்லுவீங்கன்னும் தெரியும். இருந்தாலும் முறைக்குக் கேக்கிறோம். அவ என்ன சொன்னா?"

மேனேஜர் பெட்டியை என் முன்னால் நகர்த்தினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஆமாம் என்று சொன்னால் "நில்" ஊர் முழுக்கப் போகும். யாரோ ஒருத்தி எங்கோ ஒரு நடு ரோட்டில் நிற்பாள். பெட்டியில் என் மனைவி அதற்குச் சிரித்துக்கொண்டிருப்பாள். உடைக்கச் சொன்னாள் என்று சொன்னால் கைப்பிடியே போகும். அவள் சண்டை போட்டு வாங்கிய "தெரியலை"யும் சேர்ந்து போகும். இரண்டு பேருக்கும் தேவையான அவள் என்னிடம் இல்லை. நடந்தது மட்டும்தான் இருந்தது. அதைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கீழே டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு டெலிபோன் அண்ணன் என் பக்கம் இருந்த முகத்தை மேனேஜர் பக்கம் திருப்பினார். அன்று முழுக்க அவர் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. மேனேஜரைத்தான் கேட்டார்.

"சார், உங்க கைப்பிடி நில்லுன்னு சொல்றப்போ நான் நிக்கிற இடம் ரோடா, ரயில் பாதையான்னு அதுக்குத் தெரியுமா?"

மேனேஜர் மென்பொருள் ஆளைத் தேடினார். அந்த ஆள் அறையில் இல்லை. வக்கீல் சொன்னதையே மேனேஜர் மறுபடி சொல்லத் தொடங்கினார். டெலிபோன் அண்ணன் குறுக்கிட்டார். வக்கீலைக் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்டேன் என்றார். மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டார்.

"அது வந்து... தெரியலை. செக் பண்ணிச் சொல்றேன்" என்றார்.

"பார்த்தீங்களா, சொல்ல வருதே" என்றார் பிசியோ அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் திரும்ப வைத்தார்கள். வைக்கும்போது ஒவ்வொருவரும் "வைக்கிறேன்" என்று குரல் கொடுத்தார்கள். "தெரியலை" திரும்ப வந்தால் கூப்பிடுங்கள், வருகிறோம், வேறு எதற்கும் கூப்பிடாதீர்கள் என்றார் டெலிபோன் அண்ணன். என்னைக் கடந்து போகும்போது கோல் என் ஷூவில் பட்டது. நின்றார். "கம்பெனிக்காரரா?" என்றார். ஆமாம் என்றேன். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் போய்விட்டார். அனுதாபம் சொல்லாததற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேனேஜர் என் மேசையைக் காலி செய்யச் சொன்னார். வெளியில் சத்தம் கேட்காத குரலில் இன்னும் சிலதும் சொன்னார். இடுக்கி, ரம்பம், நான் கையால் இழைத்த முதல் பிடி எல்லாம் ஒரு பையில் அடங்கிவிட்டன. பெட்டியை மறுபடி அச்சடிக்கிறார்களாம். படம் இல்லாமல். கைப்பிடியில் "தெரியலை"யை மறுபடி வைத்துவிட்டதாகவும், சங்கத்தைக் கூப்பிட்டிருப்பதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். போனார்களா என்று விசாரிக்கவில்லை.

படிக்கட்டில் மச்சான் நின்றிருந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். "உங்க மேனேஜர் வந்து கேட்டான் மாப்ளே, கடைசியா என்ன சொன்னாங்கன்னு. எனக்கு எதுவும் தெரியாது. ஏதாவது நல்லதா சொல்லியிருப்பாளேன்னு..." என்றார். பிறகு குரல் மாறியது. "நீங்க சொன்னதுக்கு அதையே வெச்சிருக்கலாம். இதையெல்லாம் வெளியில சொல்லுவாங்களா?" என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அவர்களிடம் நான் சொன்னது இதுதான்.

ஆஸ்பத்திரியில் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். அவள் செருப்பும் கோலும் என் கையில் இருந்தன. ஓர் ஆள் வந்தார். எதுவும் பேசாமல் தள்ளத் தொடங்கினார். அவள் கை வெளியே நீண்டு சுவரைத் தேடியது. "கையை உள்ள வைங்க" என்றார் அவர். அவள் உள்ளே வைத்துக்கொண்டாள். வளைவு வந்தது, லிப்ட் வந்தது, மறுபடி வளைவு. அவள் கேட்டாள்:

"எங்கே கொண்டு போறீங்க? சொல்லிட்டுத் தள்ளுங்க."

அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார். "சார், அவங்களைப் பேசாம இருக்கச் சொல்லுங்க."

நான் குனிந்து, ஸ்கேன் எடுக்கிற அறைக்குப் போகிறோம் என்று அவள் காதில் சொன்னேன். அவள் முகத்தை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டாள். சக்கரம் கீச்சிட்டது. கதவு திறந்தது. அவள் கடைசியாகப் பேசியது அப்போதுதான்:

"உன்னைக் கேக்கல. தள்ளிட்டு வர்றவரைக் கேட்டேன்."